பதினேழு ஒன்றுகள்

1993 ஜனவரி 18, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து முதல் நாளே வயிறு எரிகிறது. இந்த டைரி எங்கள் கல்லூரி அறக்கட்டளை இனாமாகக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் மேலே பெரியவர் ராக்கியண்ணன் கைகூப்பிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் படத்துக்குக் கீழேயேதான் எழுதப் போகிறேன்.

எங்கள் கணிதத் துறைத் தலைவர் டாக்டர் சென்னியப்பன் இன்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கண்டுபிடிப்பை அறிவித்தார். பெரியவர் நடத்தும் நிறுவனங்கள் பள்ளிக்கூடம், கல்லூரி, பாலிடெக்னிக் எல்லாம் சேர்ந்து பதினேழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘1’ போட்டுப் பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் 11111111111111111. இது பகா எண்ணாம். எதனாலும் வகுக்க முடியாதாம். “நம்ம அறக்கட்டளையும் அதுமாதிரித்தான்! எவராலும் பிரிக்க முடியாது!” என்றார். கைதட்டல். மார்ச் மாதம் பெரியவரின் எண்பதாவது பிறந்தநாள் விழாவில் இதைக் கருங்கல்லில் செதுக்கி நுழைவாயிலில் வைக்கப் போகிறார்கள்.

பெரியவரின் இரண்டு மகன்களும் பாகம் கேட்டு முறைத்துக்கொண்டு நிற்பது கோபிச்செட்டிப்பாளையம் முழுக்கத் தெரியும். சொத்து பிரியப் போகிற நேரத்தில் பிரியாத எண்ணாம். எங்கே சொரிந்தால் சுகம் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்த மாதிரி கணக்கு தெரியவில்லை.

“எப்படிங்க சார் பகா எண்ணுன்னு சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“பதினேழு பகா எண் தானுங்களே மேடம்? அப்புறம் பதினேழு ஒண்ணும் பகா எண் தான்.”

“மூணும் பகா எண்தானுங்க சார். மூணு ஒண்ணு நூத்திப் பதினொண்ணு. அதை மூணால வகுத்துப் பாருங்க.”

37 வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சென்னியப்பன் சிரித்தார். மேடம் எப்பவுமே இப்படித்தான் என்கிற சிரிப்பு.

வினை அதோடு விடவில்லை. பெரியவர் மஞ்சள் மண்டியில் வளர்ந்தவர். ஒருத்தர் போட்ட எடையை இன்னொருத்தர் போட்டுப் பார்க்காமல் மூட்டையை ஏற்ற மாட்டார். இந்த எண்ணுக்கும் இரண்டாம் எடை வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். ஆகவே “சரிபார்த்தேன்” என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியது அடுத்த மூத்த ஆசிரியை மனோரஞ்சிதம். அதாவது நான். தற்காலிகப் பணியில் வருஷக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும் நான். என் நிரந்தரப் பணி ஆணைக்குப் பரிந்துரை எழுத வேண்டியவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

ஜனவரி 20

கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை. ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு சோறு.

ஜனவரி 23, சனி

சென்னியப்பன் புதுச் ‘சான்று’ கொண்டுவந்தார். ஃபெர்மா தேற்றமாம். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நான் அதை இப்படிச் சொல்லித்தருவேன்: ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், வேறொரு எண்ணை எடுத்து, அதை முதல் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த முதல் எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரும். 1 வராவிட்டால் அது பகா எண் இல்லை, முடிந்தது. ஆனால் 1 வந்தால்? வந்தால் எதுவும் உறுதியில்லை. பரீட்சையில் பாஸானவன் எல்லாம் படித்தவனா?

அவர் எடுத்துப் பார்த்த எண் பத்து. மீதி 1 வந்துவிட்டதாம். வராமல் என்ன செய்யும்! ஒன்றுகளால் ஆன எண்ணைப் பத்தை வைத்துச் சோதிப்பது, திருடனுக்குச் சாட்சி சொல்ல அவன் பெண்டாட்டியைக் கூப்பிடுவது போல. ஐந்து ஒன்றுகளை எடுத்துக் காட்டினேன். 11111 என்பது 41 பெருக்கல் 271. அதுவும் பத்தில் பாஸாகிறது.

“அது சின்ன எண்ணுங்க மேடம். பெரிய எண்ணுல அப்படியெல்லாம் ஆவாது. பத்து லட்சம் வரைக்கும் கம்ப்யூட்டர்ல வகுத்துப் பாத்தாச்சு. எதுலயும் போகலை. கையெழுத்தைப் போட்டுத் தாருங்க, உங்க ஆர்டரை நானே கையோட வாங்கித் தாரேன்.”

தேங்காய் மூடியை நாய்க்கு ஆட்டுகிற மாதிரி என் ஆணையை என் முகத்துக்கு எதிரே ஆட்டுகிறார்.

இன்று என் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வரும் நாள். அரிசிம்பருப்புச் சோறு செய்து வைத்தேன். பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட், வரமுடியவில்லை என்று பக்கத்து வீட்டு போனில் தகவல். போன வாரமும் ஷிப்மெண்ட்தான். மகள் தேன்மொழியும் நானும் சாப்பிட்டோம். மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை, நானே ராத்திரிக்கும் சாப்பிட்டேன்.

ஜனவரி 25

கம்ப்யூட்டர் அறையை எனக்குப் பூட்டிவிட்டார்கள்.

ஊருக்கே ஒரு கோயில் மாதிரி ஓர் அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பெட்டிக்கு ஏ.சி., நெற்றியில் சந்தனம், மேலே எலுமிச்சம்பழம். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவளைப் பார்த்து, “துறைத் தலைவர் கையெழுத்து இல்லாம உள்ள விடக்கூடாதுன்னுட்டாருங்க மேடம்” என்கிறார் அறைப் பொறுப்பாளர். பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? திட்டினேன். பிறகு வெறுங்காலோடு வராந்தாவில் பாதி தூரம் வந்தபிறகுதான் செருப்பு ஞாபகம் வந்தது.

சரி. கம்ப்யூட்டர் வேண்டாம். கை இருக்கிறது.

ஜனவரி 26

கொடியேற்றிவிட்டு மிட்டாய் வாங்காமல் வந்துவிட்டேன். கணக்கை ஆரம்பித்தாகிவிட்டது.

பத்தை விட்டுவிட்டு இரண்டை எடுத்துக்கொண்டேன். இரண்டை வர்க்கப்படுத்தி, அதை வர்க்கப்படுத்தி, அதையும் வர்க்கப்படுத்தி, ஐம்பது தடவைக்கு மேல் போக வேண்டும். ஒவ்வொன்றும் பதினேழு இலக்கத்தைப் பதினேழு இலக்கத்தால் பெருக்குவது. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வகுக்கவே வேண்டாம். பதினேழு இலக்கத்துக்கு மேல் போன பகுதியை அப்படியே வெட்டி, கீழே கொண்டுவந்து வைத்துக் கூட்டினால் போதும். துணியை மடித்து வைப்பது போலத்தான்.

இவ்வளவு அழகான எண்ணைக் கொண்டுபோய்க் காக்காய் பிடிக்க வைத்திருக்கிறானே பாவி.

பிப்ரவரி 2

இருபதாவது வர்க்கத்தில் தப்பு. இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் சரிபார்த்தபோது இடித்தது. தேடிப் போனால் பதினாறாவதிலேயே ஒரு 7-ஐ 1 என்று படித்திருக்கிறேன். ஐந்து வர்க்கம் வீண்.

அந்த நேரம் பார்த்துத் தேன்மொழி அலமாரியைத் திறந்துகொண்டு, “ஏம்மா, அப்பா சட்டையெல்லாம் எங்கம்மா? ரெண்டுதான் இருக்குது” என்று கேட்டாள். படிக்கிற வேலையைப் பார் என்று கத்திவிட்டேன். திருப்பூரிலேயே லாண்டரியில் போடுகிறார், அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்குச் சட்டையை எண்ணுகிற வேலை எதற்கு?

பிப்ரவரி 5

கேஸ் வந்தது.

பிப்ரவரி 9

முடிந்தது! மீதி 1 இல்லை. 1-க்குப் பக்கத்தில்கூட இல்லை. ஒரு நீளமான, கோணல்மாணலான எண். முதலிலிருந்து ஒவ்வொரு வரியையும் திரும்பச் சரிபார்த்தேன். சமையலறைத் தரையில் தாள்களைப் பரப்பி முட்டி போட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லாம் சரி.

பதினேழு ஒன்றுகள் பகா எண் இல்லை. வகுபடும். எதால் என்று தெரியாது. ஆனால் வகுபடும். சத்தியமாக வகுபடும்.

தேன்மொழியைக் கூப்பிட்டுக் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். “நீ பாஸாயிட்டியாம்மா?” என்றாள்.

பிப்ரவரி 10

தாள்களையெல்லாம் கட்டாக எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். துறையில் எல்லோரும் இருந்தார்கள். சென்னியப்பன் மேல் தாளை மட்டும் பார்த்தார்.

“வகுபடும்ங்கறீங்க.”

“ஆமாங்க சார்.”

“எதால?”

“அது இந்தக் கணக்குல தெரியாதுங்க. வகுபடும்ங்கறது மட்டும் உறுதி.”

“அட! வகுபடுமாம், எதாலன்னு தெரியாதாம்.” எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். “வூட்ல திருடன் பூந்துட்டான்னு சொல்றாங்க. யாருன்னா தெரியாதாம், எதை எடுத்தான்னா தெரியாதாம். கேசு நிக்குமுங்களா?”

சிரித்தார்கள். எம்.எஸ்ஸி. படித்தவர்கள், ஃபெர்மா தேற்றத்தைக் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டுகிறவர்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருவராவது, “இல்லைங்க சார், மேடம் சொல்றது சரிதான்” என்று சொல்லியிருக்கக் கூடாதா? ஆங்கிலேயர் காலத்திலேயே இரண்டின் அறுபத்தேழாம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்த எண் வகுபடும் என்று ஒருவர் நிரூபித்தார். எதால் என்று அவருக்குத் தெரியாது. அது தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. அதுவரை அந்த எண் வகுபடாமலா இருந்தது? இதைச் சொன்னேன். காதில் விழவில்லை.

“காரணியைக் காட்டுங்க மேடம். காட்டினா நான் கல்லை நிறுத்திப்போடறேன். காட்ட முடியலைன்னா கையெழுத்தைப் போடுங்க. ரெண்டுமில்லாட்டி, தற்காலிகம் தற்காலிகந்தான்.”

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

பிப்ரவரி 13, சனி

அவர் வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், சாப்பிடவில்லை, வழியில் சாப்பிட்டாராம். பரணிலிருந்து பெரிய சூட்கேஸை இறக்கித் தரச் சொன்னார். கம்பெனி விஷயமாக பம்பாய் போகிறாராம். இறக்கித் துடைத்துக் கொடுத்தேன். கல்லூரியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். “அவங்க சொல்றபடி போட்டுட்டுப் போ, உனக்கென்ன?” என்றார். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பம்பாயில் இரண்டு நாள் வேலைக்குப் பெரிய சூட்கேஸ். சரி, எனக்கென்ன.

பிப்ரவரி 15

பெரியவர் கூப்பிட்டனுப்பினார். அவர் பங்களாவில் இல்லை, பழைய மண்டியில் இருந்தார். மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில். இடது கண்ணில் புரை வெள்ளையாகத் தெரிகிறது.

“வா அம்மிணி, உக்காரு. ரெண்டாம் எடை நீதான்னு சொன்னாங்க. ஏங் கையெழுத்துப் போடலே?”

“எடை சரியில்லைங்க ஐயா.”

“எத்தனை கொறையுது?”

“அது தெரியலைங்க. சரியில்லைன்னு மட்டும் நல்லாத் தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. அதற்கே எனக்கு அழுகை வந்தது. “மூட்டைக்குள்ள கல்லுக் கெடந்தா, தூக்கும்போதே உங்களுக்குத் தெரியாதுங்களா ஐயா? எந்த மூலையில கெடக்குதுன்னா தெரியும்?” என்றேன்.

“தெரியும் கண்ணு, தெரியாம என்ன. ஆனா மண்டியில கல்லை எடுத்துக் கையில வெச்சாத்தான் பேச்சு நிக்கும். இல்லாட்டி, கெழவன் வெலையைக் கொறைக்கப் பொய் சொல்றான்னு போயிருவாங்க.” பெஞ்சில் கிடந்த ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து உருட்டினார். “எம் பசங்க ரெண்டு பேரும் ஒரு மாசமா ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் பாக்கறதில்லே. பாகங்கறாங்க, உள்ளுக்குள்ள எதுக்குன்னு எனக்கும் தெரியலே. பிரியாதுன்னு ஒரு கல்லுலயாவது எழுதி வெக்கலாம்னு பாத்தேன். பொய்யா எழுத வேண்டாம். நீ கல்லை எடுத்துக் காட்டு, நான் பாத்துக்கறேன்.”

இவரும் காரணிதான் கேட்கிறார். நல்லவர்தான். ஆனாலும் எல்லோருக்கும் காரணி வேண்டும். நான் சொன்னால் போதாது.

பிப்ரவரி 20, சனி

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை?

துணி அலசிக்கொண்டிருந்தபோது தோன்றியது. பதினேழு ஒன்றுகளை ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது. அதை வைத்து வகுத்து மீதியைப் பார்த்தால், பத்து, நூறு, ஆயிரம் என்று ஏறிக்கொண்டே போகும்போது மீதி பதினேழாவது படியில் 1-க்குத் திரும்பியாக வேண்டும். பதினேழு பகா எண் என்பதால் நடுவழியில் திரும்ப இடமே கிடையாது. அப்படியானால், ஒற்றைப்படையாகவும் இருக்க வேண்டிய அந்தக் காரணி 34-இன் ஏதோ ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க முடியும். 35, 69, 103, 137 இந்த வரிசையில் மட்டும் தேடினால் போதும். மற்ற எண்களின் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம். பத்து லட்சம் வரை ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருந்த அந்த மேதாவிக்கு இது தெரியாது.

துணி பாதியில் கிடந்தது. கோபி பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்திருக்கிறது. மணிக்கணக்கில் வாடகை. அங்கேயும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன்.

நிரலை எழுதி ஓடவிட்டேன். சின்னப் பெட்டி, முக்கி முக்கி ஓடியது. பத்து லட்சம் தாண்டியது. ஒன்றுமில்லை. பதினைந்து லட்சம். ஒன்றுமில்லை. நடுவே கரண்ட் போய்விடுமோ என்று டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது லட்சம் தாண்டியது. திரையில் வந்து நின்றது:

2071723

தாளை எடுத்துக் கையால் பெருக்கினேன். 2071723 பெருக்கல் 5363222357. வலது ஓரத்திலிருந்து 1 விழுந்தது. அடுத்து 1. அடுத்து 1. கடைசி வரை ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது. பக்கத்து நாற்காலிப் பெண், “ஏனுங்க்கா அழுவறீங்க?” என்று கேட்டாள். நான் அழவில்லை என்று சொன்னேன்.

இன்னும் ஒரு மடங்குக்குக் கொஞ்சம் மேலே ஓடவிட்டிருந்தால் சென்னியப்பனே கண்டுபிடித்திருப்பார். சோம்பேறி. பத்து லட்சத்தோடு உலகம் முடிந்துவிட்டது அவருக்கு.

சனிக்கிழமை. அவர் வரவில்லை. நான் வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 22, திங்கள்

சென்னியப்பனிடம் காரணியைக் காட்டினேன்.

பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். அதில் எட்டு இலக்கம்தான் காட்டும், வைத்துவிட்டார். கடைசி இலக்கங்களை மட்டும் விரலால் தொட்டுப் பெருக்கிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு தாளை நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“கல்லு அடிச்சாச்சுங்க மேடம்.”

“காரணியைக் காட்டினா நிறுத்திப்போடறேன்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க.”

“சொன்னேன். இருபது லட்சத்துச் சொச்சத்தால வகுக்கறதுக்கு எவன் வந்து கல்லு முன்னால நிக்கப்போறான்? யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுங்க சார்.”

“உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்?” என்று சிரித்தார்.

பெரியவரிடம் போகலாம் என்று மண்டிக்கு ஓடினேன். கண் ஆபரேஷனுக்குக் கோயமுத்தூர் போய்விட்டார். விழாவுக்குத்தான் வருவாராம். மகன்களைக் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொல்கிறார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கல்லில் அடித்துவிட்டால் எண்ணூறு வருஷத்துக்கு நிற்கும்.

மார்ச் 1

இதை எப்படி எழுதுவது? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மகன்களைச் சமாதானப்படுத்த ஆளுக்கொரு புது நிறுவனம் கொடுத்துவிட்டார்கள். பெரியவனுக்கு ஐ.டி.ஐ., சின்னவனுக்கு நர்சிங் பள்ளி. பதினேழு பத்தொன்பதாகிவிட்டது. சென்னியப்பன் என்ன செய்தார்? பழைய கல்லைத் தள்ளிவிட்டுப் புதுக் கல்லுக்குச் சொல்லிவிட்டார். இரண்டு ஒன்றைச் சேர்த்தார். அவ்வளவுதான்! கூட்டல் கணக்கு! “பத்தொன்பதும் பகா எண்தானுங்களே” என்றாராம். 111-ஐ அவர் முகத்தில் எறிந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது.

புதுத் தாள் என் மேசையில் இருக்கிறது. பத்தொன்பது ஒன்றுகள். அடியில் “சரிபார்த்தேன்”.

“எனக்குக் கொஞ்சம் டைம் வேணுங்க சார்.”

“எதுக்கு? எப்படியும் போடப்போறதில்லை. பரிந்துரைக் கடிதத்தை நான் கிழிச்சுப்போடட்டுங்களா?”

இதையும் உடைத்துக் காட்டுகிறேன் பார்.

மார்ச் 6, சனி

உடையவில்லை.

ஒரு வாரமாகக் காலையில் தேன்மொழியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாடி சென்டருக்குப் போய், கல்லூரிக்கு நேரமாகி ஓடுகிறேன். இரண்டை வைத்துப் பார்த்தேன், மீதி 1. மூன்றை வைத்துப் பார்த்தேன், 1. ஐந்து, ஏழு, எல்லாம் 1. வரிசையாகத் தேடினால் கோடிக்கு மேல் போகிறது, எதுவும் வகுக்கவில்லை.

அடப் பாவி! காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்துவிட்டதா?

மார்ச் 8

விழுந்துவிட்டது.

நிரூபித்தே விட்டேன். பத்தொன்பது ஒன்றுகளில் ஒன்றைக் கழித்தால், பதினெட்டு ஒன்றுகளும் ஒரு பூஜ்யமும். பதினெட்டு ஒன்றுகள் பொலபொலவென்று உதிரும்: 9, 7, 11, 13, 19, 37, 52579, 333667. ஒரு துண்டு விடாமல் கையில் கிடைக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சோதனை வைத்து, எல்லாவற்றிலும் தேறினால் பத்தொன்பது ஒன்றுகள் பகா எண் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி. தேறிவிட்டது. இதற்கு முந்தைய எண் இவ்வளவு சுக்குநூறாக உடைவதால்தான் இது உடையாது என்று நம்மால் சொல்ல முடிகிறது. என்ன அழகு! இன்னொரு சமயமாக இருந்தால் வகுப்பில் போய்ப் பிள்ளைகளிடம் கூத்தாடியிருப்பேன்.

இப்போது பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆள் சொல்வது உண்மையாகிவிட்டது. எந்தப் பாடும் படாமல், ஒரு வரி கணக்குப் போடாமல், இரண்டு பையன்கள் சண்டை போட்டதால் உண்மையாகிவிட்டது. அவர் பொய்யர்தான், இப்போதும் பொய்யர்தான். அவர் வாயில் வந்திருப்பது மட்டும் உண்மை.

கையெழுத்துப் போட்டால் நான் பணிந்துவிட்டேன் என்று துறையே பேசும். போடாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

மார்ச் 9

போட்டேன்.

நிரூபணத்தை ஆறு பக்கம் எழுதி இணைத்தேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “இதை முன்னாலயே செஞ்சிருந்தா இத்தனை அக்கப்போர் இல்லையே மேடம்” என்றார். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி என் தோளைத் தட்டி, “நல்ல முடிவுங்க்கா. நமக்குப் பொழப்பு முக்கியம்” என்றாள். “நான் போட்டது பத்தொன்பதுக்குடி! பதினேழுக்கு இல்லை!” என்று கத்தினேன். “எல்லாம் ஒண்ணுதானுங்க்கா” என்றாள்.

மார்ச் 14, ஞாயிறு

விழா. பந்தல், நாதசுரம், கேசரி. புதுக் கல்லில் பத்தொன்பது ஒன்றுகள் பொன் வண்ணத்தில் பளபளக்கின்றன. சென்னியப்பன் மைக்கில், “நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிட்டு வாரேன்” என்று தொடங்கினார். மூன்றாவது வரிசையில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் கறுப்புக் கண்ணாடியோடு மேடையில் இருந்தார். நடுவில் கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தினார்.

“ரெண்டாம் எடை போட்ட அம்மிணி வந்திருக்குதா?”

எழுந்து நின்றேன். யாரோ மைக்கைக் கொண்டுவந்து வாயருகே நீட்டினார்கள்.

“எடை சரிதானா அம்மிணி?”

“பத்தொன்பது சரிங்க ஐயா. நானே போட்டுப் பாத்துட்டேன், வகுபடாது. பதினேழுதானுங்க சரியில்லை.”

“கல்லுக் கெடைச்சுதா?”

“கெடைச்சுதுங்க. இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்து இருபத்து மூணு.”

பந்தலில் எல்லோரும் கைதட்டினார்கள். ஏதோ நன்கொடைத் தொகை என்று நினைத்திருப்பார்கள். சென்னியப்பனும் தட்டினார், வேறு வழியில்லை. பெரியவர் மட்டும் தட்டவில்லை. சென்னியப்பன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “இது எங்கிட்ட வரவே இல்லீங்களே” என்றார். மைக் அவர் வாயருகே இல்லை. முன் வரிசைகளுக்கு மட்டும்தான் கேட்டது.

மார்ச் 17

பணி ஆணை வந்தது. நிரந்தரம். தாளாளர் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரி. பரிந்துரைக் குறிப்பில் சென்னியப்பன் எழுதியிருக்கிறார்: “துறையின் முயற்சிகளுக்கு முழு ஒத்துழைப்பு நல்குபவர்.”

கிழித்துப் போட்டிருப்பேன். முன்பு என்றால் போட்டிருப்பேன். இப்போது முடியாது. பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அரிசி வாங்க வேண்டும், தேன்மொழிக்குப் பத்தாம் வகுப்பு வருகிறது.

பழைய கல்லைப் பெண்கள் விடுதிக்குப் பின்னால் துவைக்கிற கல்லாகப் போட்டிருக்கிறார்கள். எழுத்து மேல்பக்கம். சோப்பு நுரைக்குள் பதினேழு ஒன்றுகள். நன்றாகத்தான் இருக்கிறது, துணி வழுக்காது.

மார்ச் 20, சனி

அவர் வந்தார். கூடவே அவர் அண்ணனும் வந்திருந்தார். பேச வேண்டும் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன், அதற்கு நியாயம் பேசுவதற்காம். தேன்மொழியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

நான்தான் முதலில் சொன்னேன். இனி சனிக்கிழமை வர வேண்டாம், மிச்சமிருக்கும் இரண்டு சட்டையும் இந்தப் பையில் இருக்கிறது என்றேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டார். “என்னடி பேசறே? எவ என்ன சொன்னா உங்கிட்ட?”

“யாரும் ஒண்ணும் சொல்லலைங்க.”

“பின்ன? பாத்தியா? கண்ணால பாத்தியா? அவ யாரு, எந்த ஊரு, பேரு என்ன? சொல்லு பாக்கலாம்! தெரிஞ்சாச் சொல்லு!”

அண்ணனும் தலையை ஆட்டினார். “ஆமா அம்மிணி, யாருன்னு தெரியாம நீயா ஒண்ணச் சொன்னா எப்படி?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாகக் கோபமே வரவில்லை.

“பேரு தெரியாதுங்க. ஊரும் தெரியாது. தேடவும் போறதில்லை” என்றேன். “பையை எடுத்துக்குங்க.”

எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போதுகூடத் திரும்பி, “யாருன்னு சொல்லேன்” என்றார். கதவைச் சாத்தினேன்.

தேன்மொழி வந்தாள். இரண்டு பேருக்கு அரிசிம்பருப்பு வைத்தேன். மிச்சமில்லை.